நடுவில் விட்டுப் போகக்கூடிய விளையாட்டு: பெற்றோர் கூட்டத்தன்று ஒரு வகுப்பறையை ஒப்பேற்றிய கதை

பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது சின்னவனை யாரிடம் விடுவது என்பது எங்கள் வீட்டில் ஒவ்வொரு தடவையும் ஒரு பஞ்சாயத்து. கூடவே கூட்டிக்கொண்டு போனால் ஆசிரியர் சொல்வதில் பாதி காதில் விழாது, மீதிப் பாதியை அவன் மேசைக்கு அடியில் யாருடைய செருப்பை இழுக்கிறான் என்று பார்ப்பதிலேயே கோட்டை விட்டுவிடுவோம். இப்படிப் புலம்பிக்கொண்டிருந்த நாலைந்து பெற்றோர் சேர்ந்து பள்ளியில் போய்க் கேட்டோம். கூட்டம் நடக்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு வகுப்பறையைக் கொடுங்கள், பிள்ளைகளை நாங்களே முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றோம். சரி என்றார்கள். பொறுப்பு யாருக்கு என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதிகமாகப் புலம்பியது நான்தான்.

இதுவரை மூன்று கூட்டங்களுக்கு நடத்தியிருக்கிறோம். முதலாவது முழுச் சொதப்பல், இரண்டாவது அரைச் சொதப்பல், மூன்றாவதில் ஒரு வழிக்கு வந்தது. இதே வேலையைக் கையில் எடுக்கப்போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதி வைக்கிறேன்.

முதல் தடவை நான் செய்த பெரிய தப்பு கால அட்டவணை போட்டது. முதல் 20 நிமிடம் கதை, அடுத்த 20 நிமிடம் காகித வேலை, அப்புறம் பாட்டு, அப்புறம் குழு விளையாட்டு. தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பெற்றோர் கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் கிளம்புவதில்லையே. ஒருவருக்கு ஆசிரியரைப் பார்க்க 5 மணி என்று சொல்லியிருப்பார்கள், இன்னொருவருக்கு 5:40, அதுவும் முன்னால் போனவர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பதைப் பொறுத்துத் தள்ளிக்கொண்டே போகும். கதையில் முயல் காட்டுக்குள் நுழைவதற்குள் அறைக் கதவு நான்கு தடவை திறந்தது. புதிதாக வந்தவனுக்குக் கதை புரியவில்லை. முடிவு தெரிந்துகொள்ளாமல் கிளம்ப வேண்டியிருந்தவள் அழுதாள். காகித வேலைக்கு வெள்ளைப் பசை வாங்கி வைத்திருந்தேன், அது ஒழுங்காகக் காய அரைமணிக்கு மேல் ஆகும் என்பதை யோசிக்கவே இல்லை, ஈரம் சொட்டும் காகித மீன்களைப் பிள்ளைகள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனதில் எத்தனை சட்டைகள் பாழாயினவோ.

கடைசி அரைமணியில் கையில் ஒன்றும் இல்லாமல் ப்ரொஜெக்டரில் ஒரு கார்ட்டூனைப் போட்டோம். கார்ட்டூன் காட்டுவதில் எனக்குக் கொள்கைப் பிடிவாதம் எதுவும் இல்லை, வீட்டில் நானே காட்டுகிறவன்தான். ஆனால் இந்த அறைக்கு அதுவும் சரிப்படவில்லை. எங்களிடம் இருந்தவர்கள் 17 பேர், 2 வயதிலிருந்து 10 வயது வரை. பெரியவர்களுக்கு அது குழந்தைத்தனம், சின்னவர்களுக்குச் சத்தம் பயம், நடுவில் இருந்தவர்களைப் பெற்றோர் வந்து அழைத்தபோது திரையை விட்டுக் கிளப்பவே முடியவில்லை. கதையில் பட்ட அதே பாடுதான்.

அன்று இரவு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. முடிவு என்று ஒன்று இருக்கும் எதுவும் இந்த அறைக்கு ஆகாது. எந்த நிமிடத்திலும் உள்ளே வந்து சேர்ந்துகொள்ள வேண்டும், எந்த நிமிடத்திலும் அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். மணல்மேட்டில் விளையாடுகிற மாதிரி. மணல் விளையாட்டு எப்போது முடிந்தது என்று யாராவது கேட்பார்களா?

இரண்டாவது கூட்டத்துக்கு அதனால் அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாமான் சேர்க்க ஆரம்பித்தேன். சைமன் நிக்கல்சன் என்றொரு பிரிட்டிஷ் சிற்பி 1971-இல் ஒரு கட்டுரையில் சொன்ன யோசனை ஒன்று உண்டு. ஓர் இடத்தில் நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் முடிகிற உதிரிப் பொருட்கள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு அங்கே இருப்பவர்களின் கண்டுபிடிப்பும் கூடும் என்பது அதன் சாரம். இன்றைக்குப் பாலர் பள்ளிகளில் உதிரிப் பொருள் விளையாட்டு என்று நடப்பதற்கெல்லாம் வேர் அதுதான். எனக்கு அதில் பிடித்தது தத்துவம் அல்ல, செலவு இல்லாததுதான். அட்டைப்பெட்டிகள், காகிதச் சுருளின் நடுவில் வரும் அட்டைக் குழாய்கள், துணித் துண்டுகள், மூடிகள், மரத்துண்டுகள், கிளிப்புகள், பழைய போர்வைகள் என்று பெற்றோர் குழுவில் ஒரு செய்தி போட்டேன். மூன்று நாளில் வீட்டு வராந்தா நிறைந்துவிட்டது. தருகிறவர்களிடம் எது வேண்டும் என்று சொல்வதோடு எது வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். எனக்கு ஒருவர் பாதி உடைந்த குடை கொடுத்தார்.

வந்ததைச் சலிப்பதுதான் உண்மையான வேலை. 2 வயதுப் பிள்ளைகளும் இருக்கும் அறையில் வாயில் போகிற அளவுள்ள பொருள் எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் 3 வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கமாகவும் அழுத்தாமல் ஒரு பொருள் அதற்குள் முழுவதுமாக அடங்கிவிட்டால் அது தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு. அந்த உருளை என்னிடம் இல்லை, கழிப்பறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாய் இருந்தது. அதன் உள்விட்டம் சுமார் 4 சென்டிமீட்டர், அதாவது கொஞ்சம் கூடுதல் கறார், அது நல்லதுதான். குழாயை மேசையில் நிறுத்தி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில் மூடிகள் அத்தனையும் சட்டென்று உள்ளே போய்விட்டன. அவற்றைத் தனி டப்பாவில் போட்டு, பெரிய பிள்ளைகள் மேசைக்கு மட்டும் என்று எழுதி உயரத்தில் வைத்தேன்.

யாரோ கொடுத்த பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை ஒன்றையும் பிரித்துப் பார்த்தேன், உள்ளே பட்டன் பேட்டரி. இதில் விளையாட வேண்டாம். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், அதன் மின்னோட்டத்தால் அங்கே அரிக்கும் காரப்பொருள் (ஆல்கலி) உருவாகி 2 மணி நேரத்துக்குள்ளேயே தசையை அரித்துவிடும். மூடி திருகாணியால் பூட்டப்படாத பேட்டரிச் சாமான் எதுவும் அறைக்குள் வரக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். அலங்காரத்துக்கு வாங்கிய பலூன்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். உடைந்த ரப்பர்த் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம்.

அப்புறம் என் செல்லத் திட்டம், சுவரில் பந்து ஓடும் பாதை. அட்டைக் குழாய்களை மாஸ்கிங் டேப்பால் சுவரில் சாய்வாக ஒட்டிவிட்டு, மேலே பந்தைப் போட்டால் குழாய்க்குக் குழாய் தாவி கீழே கூடையில் விழ வேண்டும். கோலிகுண்டு ஆபத்து என்று டேபிள் டென்னிஸ் பந்து வாங்கினேன். அங்கேதான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தப் பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர், குழாயின் உள்விட்டமும் ஏறக்குறைய அதே. சில குழாய்களில் பந்து நுழையவே இல்லை, சிலவற்றில் நுழைந்து நடுவில் கார்க்கு மாதிரி இறுகிவிட்டது. ஒரு பையன் அதை எடுக்க ஸ்கேலை விட்டான், ஸ்கேலும் சிக்கியது.

அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு குழாயையும் நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் வெட்டி லேசாக விரித்தேன். இப்போது அது குழாய் இல்லை, மேலே திறந்த வாய்க்கால். பந்து தாராளமாக ஓடியது, எங்கே நிற்கிறது என்றும் கண்ணுக்குத் தெரிந்தது, கையால் எடுத்துவிட முடிந்தது. உண்மையில் இதுவே முதலில் தோன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் மூடிய குழாயில் பந்து மறைந்துபோகிறது, திறந்த வாய்க்காலில் அது ஏன் நின்றது என்று பிள்ளைகளே பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். சாய்வு எவ்வளவு என்று கேட்டால், 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு 5 சென்டிமீட்டர் இறக்கம் எனக்குச் சரியாக வந்தது. அதற்கு மேல் போனால் பந்து அடுத்த வாய்க்காலைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. குதிப்பதுதான் நன்றாக இருக்கிறது என்று பிள்ளைகள் சாய்வைக் கூட்டிக்கொண்டார்கள், அது வேறு விஷயம்.

பந்து விஷயத்தில் இன்னொரு தப்பும் செய்திருந்தேன். 31.7 மில்லிமீட்டர் உருளையில் 40 மில்லிமீட்டர் பந்து நுழையாது, ஆகவே பாதுகாப்பானது என்று நினைத்திருந்தேன். பந்துகளுக்கு விதி தனியாம். 3 வயதுக்குட்பட்டவர்களுக்கு 44.4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ உள்ள பந்து கூடாது. உருண்டையான பொருள் தொண்டையை இடைவெளியே இல்லாமல் அடைத்துவிடும் என்பதால் அளவுகோல் கடுமையாகிறது. இதைத் தெரிந்துகொண்டது இரண்டாவது கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து, படித்ததும் வயிற்றைக் கலக்கியது. மூன்றாவது கூட்டத்தில் பந்துப் பாதையைப் பெரியவர்கள் பக்கம் தள்ளினோம், சின்னவர்களுக்கு டென்னிஸ் பந்து. அது ஆறரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். அகலமான அட்டையை மடித்துச் சறுக்கு மாதிரி பெஞ்சில் சாய்த்துவிட்டால் போதும், அரைமணி நேரம் அதிலேயே கழியும்.

மாவு பிசைவது மூன்று தடவையும் வேலை செய்த ஒரே விஷயம். 2 கப் மைதா, 1 கப் உப்பு, 2 மேசைக்கரண்டி எண்ணெய், 2 மேசைக்கரண்டி கிரீம் ஆஃப் டார்ட்டர் (கேக் செய்யப் பயன்படுத்தும் ஒரு புளிப்புப் பொடி), ஒன்றரை கப் கொதிக்கும் தண்ணீர். முதலில் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் நன்றாகப் பிசைய வேண்டும். கிரீம் ஆஃப் டார்ட்டர் போட்டால் மாவு இழுத்தால் அறுந்துபோகாமல் மெத்தென்று இருக்கும். முதல் தடவை நான் சூடாக இருக்கும்போதே டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். மூடியில் ஆவி நீராகித் திரும்ப மாவிலேயே சொட்டியது, உப்பு வேறு ஈரத்தை இழுக்கும் சாமான், காலையில் பார்த்தால் கூழ். ஒரு கை மைதா சேர்த்துப் பிசைந்து காப்பாற்றினேன். முழுவதும் ஆறவிட்டு மூடுங்கள். உப்பு இவ்வளவு இருப்பதால் யாரும் ஒரு வாய்க்கு மேல் தின்ன மாட்டார்கள், ஆனால் விரலில் வெட்டுக்காயம் இருக்கும் பிள்ளைக்கு எரியும், அதை முன்னாலேயே பார்த்துவிடுவது நல்லது.

கோதுமை ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தை இரண்டாவது கூட்டத்துக்கு வந்தாள். மைதா கோதுமையிலிருந்து வருவதுதானே. அவளுடைய அம்மா தற்செயலாகச் சொன்னதால் தப்பித்தோம், அந்த மேசையையே எடுத்துவிட்டு, துடைத்து, எல்லாருக்கும் கை கழுவிவிட வேண்டியதாயிற்று. மூன்றாவது தடவை அரிசி மாவிலும் சோள மாவிலும் செய்தேன். அவ்வளவு இழுபடாது, கொஞ்சம் உதிரும், ஆனால் அவளும் சேர்ந்து பிசைந்தாள். ஒவ்வாமை கேள்வியையும் வாசலில் கேட்காமல், பெயர் பதிவு செய்யும்போதே கேட்டுவிட்டோம்.

ஆட்கள் கணக்குக்கு வருகிறேன். பிரிட்டனின் என்எஸ்பிசிசி என்ற குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பின் பரிந்துரை: 2 வயதுக்குள் மூன்று பேருக்கு ஒரு பெரியவர், 4 முதல் 8 வயது வரை ஆறு பேருக்கு ஒருவர், 9 முதல் 12 வரை எட்டுப் பேருக்கு ஒருவர், பிள்ளைகள் எத்தனை குறைவாக இருந்தாலும் பெரியவர்கள் இரண்டு பேருக்குக் குறையக் கூடாது. முதல் கூட்டத்தில் நாங்கள் மூன்றே பேர். ஒருத்தியைக் கழிப்பறைக்கு அழைத்துப் போக ஒருவர் போனார், வாசலில் ஒருவர் நின்றார், மீதி 16 பேருக்கு நான் ஒருவன். அடுத்த தடவையிலிருந்து நான்கு பெரியவர்கள், கூட உதவிக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேரையும் பெரியவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் சொல்லியாக வேண்டும், அண்ணாவும் அக்காவும் தரையில் உட்கார்ந்தவுடன் பிள்ளைகள் எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வாசலில் ஒரே எண் எழுதிய இரண்டு ஸ்டிக்கர், ஒன்று பிள்ளைக்கு, ஒன்று கொண்டுவந்து விடுகிறவருக்கு. அந்த எண் இல்லாமல் யார் வந்து கேட்டாலும் பிள்ளையை அனுப்புவதில்லை, தலைமை ஆசிரியரே வந்தாலும் சரி. முதல் தடவை ஸ்டிக்கரைச் சட்டையின் முன்பக்கம் ஒட்டினோம், பத்து நிமிடத்தில் 7-ஆம் எண் 12-ஆம் எண்ணின் நெற்றியில் இருந்தது. இப்போது முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில். அங்கே கை எட்டாது.

விட்டுப் போகும் நிமிடம்தான் எல்லாவற்றையும்விடக் கடினம். பிள்ளை வேறு பக்கம் பார்க்கும்போது நைசாக நழுவிப் போவது நம்மில் நிறையப் பேருக்குப் பழக்கம், நானும் செய்திருக்கிறேன். முதல் கூட்டத்தில் ஓர் அப்பா அப்படி நழுவினார். மூன்று வயதுப் பையன் திரும்பிப் பார்த்து ஆள் இல்லை என்று தெரிந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு 35 நிமிடம் அழுதான், அதற்கப்புறம் மற்றவர்களின் அப்பாக்கள் கதவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பதறினான். இரண்டாவது கூட்டத்திலிருந்து வாசலிலேயே சொல்லிவிடுகிறோம், சொல்லிவிட்டுப் போங்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள், திரும்பத் திரும்ப வந்து எட்டிப் பார்க்காதீர்கள். கையில் உங்களுடைய ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போங்கள். அதே பையன் அடுத்த தடவை அப்பாவின் கைக்குட்டையைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, அழுதான்தான், ஆனால் ஐந்து நிமிடம்.

ஒருவரோடும் சேராமல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு முதலில் கை பரபரக்கும், போய் இழுத்து உள்ளே விட வேண்டும் என்று. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-இல் சிறு பிள்ளைகள் விளையாடும் விதங்களைப் பிரித்து எழுதியபோது, வேடிக்கை பார்ப்பதையும், ஒருவர் பக்கத்தில் ஒருவர் தனித்தனியாக விளையாடுவதையும் தனித்தனி வகைகளாகவே சேர்த்திருக்கிறார். அதைப் படித்த பிறகு என் கையைக் கட்டிக்கொண்டேன். ஒரு மேசைக்கு அடியில் போர்வை தொங்கவிட்டு, இரண்டு தலையணை, நாலு படப் புத்தகம் வைத்து ஒரு குகை செய்தோம். உள்ளே போனவர்களை யாரும் கூப்பிடக் கூடாது. மூன்றாவது கூட்டத்தில் ஒரு சிறுமி அதற்குள் இருந்தபடி போர்வை இடுக்கு வழியாக ஒரு மணி நேரம் பந்துப் பாதையைப் பார்த்தாள், அப்புறம் வெளியே வந்து, ஒரு வார்த்தை பேசாமல், நின்றுபோயிருந்த வாய்க்காலின் நுனியைச் சரியாகத் தூக்கி ஒட்டிவிட்டுத் திரும்பப் போய்விட்டாள். பந்து ஓடியது.

பக்கத்தில் பக்கத்தில் விளையாடுகிற வயதுக்குப் பகிர்ந்துகொள் என்று உபதேசம் செய்து பயனில்லை. சின்னவர்கள் பக்கம் ஒரே மாதிரிப் பெட்டி மூன்று, ஒரே மாதிரிக் கரண்டி மூன்று என்று வைத்துவிட்டேன். சண்டை பாதியாகக் குறைந்தது.

சத்தம் பற்றி முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். மரத்துண்டுக் கோபுரம் வெறும் தரையில் சரியும்போது வருகிற சத்தம் அடுத்த அறையில் இருந்த கணக்கு ஆசிரியரை இரண்டு தடவை நேரில் வரவழைத்தது. பழைய போர்வைகளை நான்காக மடித்துப் பரப்பிய பிறகு அவர் வரவில்லை.

கூட்டிப்போக வருகிற நேரத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். என்னதான் முடிவில்லாத விளையாட்டு என்றாலும், கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை விட்டு எழுந்து வா என்றால் எந்தப் பிள்ளைக்கும் கோபம் வரும். அதனால் பெற்றோரை வாசலில் நிறுத்திக் குரல் கொடுக்க வைப்பதில்லை. உள்ளே வந்து இரண்டு நிமிடம், பிள்ளை காட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பேர் எழுதிய ஒரு துண்டு டேப்பை அந்த வீட்டின் மேல் ஒட்டிவிட்டுப் போகலாம், இடிக்க மாட்டோம், அடுத்து வருகிறவர் வேண்டுமானால் அதை ஒட்டி இன்னொரு அறை கட்டுவார். மூன்றாவது கூட்டம் முடிந்தபோது அறையின் நடுவில் 11 பேர் பெயர் ஒட்டிய ஏதோ ஒன்று நின்றது. ஊர் என்றான் ஒருவன், கப்பல் என்றாள் ஒருத்தி. கூட்டம் ஒன்றரை மணி நேரம் என்று சொல்லி இரண்டேகால் மணி நேரம் ஓடியது, ஆனால் அந்தக் கூடுதல் முக்கால் மணியைச் சமாளிக்க நாங்கள் எதுவும் செய்யவில்லை.

கடைசியாக ஒரு பராமரிப்பு விஷயம். சுவரில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பை உரித்தபோது இரண்டு இடத்தில் பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நானே பட்டி பார்த்துப் பூசிக் கொடுத்தேன், நிறம் கொஞ்சம் வேறுபடுகிறது, யாரும் இன்னும் கேட்கவில்லை. இனி சுவரைத் தொடப் போவதில்லை. ஃப்ரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, பின்னால் இரண்டு மரச்சட்டம் கொடுத்து மடக்குப் பலகை மாதிரி நிற்க வைத்திருக்கிறேன். வாய்க்கால்களுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை ஒட்டியாயிற்று, அதனால் எங்கே வேண்டுமானாலும் பிய்த்து ஒட்டலாம். அடுத்த கூட்டம் வரைக்கும் அதை வைக்க இடம் இல்லாமல் எங்கள் முன்னறையில்தான் நிற்கிறது, சின்னவன் தினமும் ஒரு வாய்க்காலை இடம் மாற்றிவிட்டுத்தான் தூங்கப் போகிறான்.